ஞாயிறு காலைக்கு ஆள் வேண்டும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் சண்டை பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 1862 செப்டம்பர் 17, புதன்கிழமை. மேரிலாந்து மாநிலத்தில் ஷார்ப்ஸ்பர்க் என்ற சிற்றூருக்கு வெளியே, ஒரு மக்காச்சோளக் கொல்லையில் பொழுது விடிகையில் தொடங்கியது. பொழுது சாய்கையில் ஓய்ந்தது. அதற்குள் வடபடை, தென்படை இரண்டிலுமாக ஏறக்குறைய 23,000 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போயிருந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு ரத்தம் சிந்திய ஒற்றை நாள் வேறு இல்லை. பள்ளிப் பாடம் இங்கே முடிந்துவிடுகிறது. எனக்கோ வியாழக்கிழமையிலிருந்துதான் கதை ஆரம்பமாகிறது.

தென்படையோடு ஜெனரல் லீ பதினெட்டாம் தேதி இரவே பொடோமாக் ஆற்றைத் தாண்டி வெர்ஜீனியாவுக்குப் போய்விட்டார். வடபடை சில வாரங்கள் அங்கேயே தங்கியது. வேலிக் கட்டைகளை விறகாக எரித்தது, வைக்கோலையும் தானியத்தையும் தீர்த்தது, பிறகு அதுவும் கிளம்பியது. ஊரில் இருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். சண்டையன்று ஆற்றோரக் குகையிலும் வீட்டு நிலவறைகளிலும் ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தால், களஞ்சியமெல்லாம் ஆஸ்பத்திரி, தேவாலயமெல்லாம் ஆஸ்பத்திரி. வயலில் அவசர அவசரமாக வெட்டிய ஆழமில்லாத குழிகள். செத்த குதிரைகள். நோய் பரவி ஊர்க்காரர்களும் இறந்தார்கள். வடபடையினரின் உடல்களைத் தோண்டியெடுத்து முறையான கல்லறைத் தோட்டத்தில் சேர்க்க 1867 ஆகிவிட்டது. தென்படையினரின் எலும்புகள் 1870-கள் வரை வயலிலேயே கிடந்தன. சண்டை போட்டவர்களுக்கு ஒரு நாள் வேலை. அக்கம்பக்கத்தாருக்குப் பல ஆண்டு வேலை.

இன்று அந்த வயல்கள் தேசியப் போர்க்களப் பூங்கா. 1890-இல் போர்த் துறையின் பொறுப்பில் உருவானது, 1933-இல் தேசியப் பூங்காத் துறைக்கு வந்தது. 1988-இலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் டிசம்பரின் முதல் சனிக்கிழமை அங்கே ஒரு விளக்கு அஞ்சலி நடக்கிறது. 23,000 தாள்பைகள்; ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மணல், மணலில் ஒரு மெழுகுவத்தி. இருட்டியதும் மக்கள் காரில் அமர்ந்தபடியே, முன்விளக்கை அணைத்துவிட்டு, நிற்காமல், மெல்ல அந்த வயல்களுக்கிடையே போய்வருவார்கள். உள்ளே நுழைய 34-ஆம் எண் சாலையில் இரண்டு மணி நேரம் காத்திருப்பதும் உண்டு. பைகளை வைப்பதும் ஏற்றுவதும் எடுப்பதும் தன்னார்வலர்கள். சாரணர் குழுக்கள், தேவாலயக் குழுக்கள், பள்ளிகள், குடும்பங்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள். அதில் ஒரு சிறு குழுவை, பெரும்பாலும் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களை, ஒருங்கிணைப்பவள் நான்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அதே வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் ஒரு நீளமான கோடுபோட்ட நோட்டு இருந்தது. நவம்பர் பிறந்ததும் வீட்டுத் தொலைபேசிப் பக்கத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலில் சிறு குறிப்புகள். இவருக்கு முழங்கால் வலி, சாலையோர வரிசை கொடு. இவரிடம் திறந்த வண்டி இருக்கிறது, மணல் ஏற்றலாம். இந்தப் பையனின் அப்பா ராணுவத்தில் வெளிநாட்டில் இருக்கிறார், தனியாக விடாதே. அப்போது ஆள் கிடைப்பதுதான் பாடு. பத்துப் பேரைக் கூப்பிட்டால் ஆறு பேர் வருவோம் என்பார்கள், நான்கு பேர் வருவார்கள்.

இப்போது எல்லாம் கைப்பேசியில். படிவத்தின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சாயங்காலத்துக்குள் நிரம்பிவிடுகிறது. சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து, அவசரத்துக்கு அழைக்க ஓர் எண், தன்னார்வலர் ஒப்பந்தம் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். அன்று ஆளுக்கு அலைந்தோம், இன்று இடத்துக்கு அலைகிறார்கள். "அக்கா, என் கொழுந்தன் குடும்பம் டெக்சாஸிலிருந்து வருது, நாலு பேரைச் சேர்த்துக்க முடியுமா?" என்று நவம்பர் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். படிவம் நல்ல சாதனம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 'உடல்நலக் குறைபாடு ஏதும் உண்டா' என்ற கட்டத்தில் எல்லாரும் 'இல்லை' என்றுதான் எழுதுகிறார்கள். அதனால் நான் இன்னும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை போன் செய்து பேசிவிடுகிறேன். ஆசிரியையின் பென்சில் குறிப்புகளுக்கு மாற்றாக ஒரு கட்டம் இதுவரை எந்தப் படிவத்திலும் நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தாள்பையை வாயால் ஊதித் திறக்கக் கூடாது. டிசம்பர் குளிரில் மூச்சின் ஈரம் பட்டுத் தாள் நமுத்துவிடும். கையை உள்ளே விட்டு விரித்து அடிப்பகுதியைத் தட்டையாக்க வேண்டும். மணல் நனைந்திருந்தால் கட்டி கட்டியாக விழும், உள்ளங்கையால் உடைத்துச் சமன் செய்ய வேண்டும். மெழுகுவத்தியை மணலில் லேசாகத் திருகி, பையின் சுவரில் படாமல் நடுவில் நிறுத்த வேண்டும். பிறகு வரிசை. ஒரு பை அரை அடி விலகினாலும் இரவில் தெரியும். படைவரிசையில் ஒரு ஆள் கலைந்து நிற்பது மாதிரி இருக்கும். பிற்பகலில் ஏற்ற ஆரம்பிப்போம். காற்றுக்கு முதுகு காட்டி மண்டியிட்டு, நீண்ட மூக்குள்ள லைட்டரைப் பைக்குள் விட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு அதை அழுத்த முடியாது, கழற்றினால் விரல் விறைத்துவிடும். ஒரு வரிசை முடித்துத் திரும்பிப் பார்த்தால் நடுவில் நான்கைந்து அணைந்திருக்கும். திரும்பப் போக வேண்டும். பையன்கள் முதல் அரைமணி நேரம் ஓடி ஓடி ஏற்றுவார்கள், அப்புறம் நடப்பார்கள், அப்புறம் பேச்சே இருக்காது. ஒரு எண்ணை உடம்பால் தெரிந்துகொள்வது என்றால் இதுதான்.

சென்ற ஆண்டு எங்கள் குழுவில் ஒரு சின்னப் பெண், இரண்டாம் வகுப்பு, என் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இந்தப் பைல இருக்கறவர் பேரு என்ன?"

"பேர் இல்லம்மா. யாரோட பைன்னு யாருக்கும் தெரியாது."

"இவர் செத்துட்டாரா?"

"அதுவும் தெரியாது. ஆறு பேர்ல ஒருத்தர்தான் அன்னைக்கே செத்தவர். மத்தவங்க அடிபட்டவங்க, காணாமப் போனவங்க."

கொஞ்ச நேரம் மணலைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அடிபட்டவங்களை யாரு பாத்துக்கிட்டா?"

பெரியவர்களில் பாதிப் பேர் 23,000 பேரும் இறந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அன்று களத்திலேயே இறந்தவர்கள் 3,600-க்கு மேல். காயம்பட்டவர்கள் பதினேழாயிரத்துக்கும் அதிகம். அவர்களில் எத்தனையோ பேர் பின்னால் களஞ்சியத்து வைக்கோலில் கிடந்து இறந்தார்கள். அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல கிளாரா பார்ட்டனிடம் போக வேண்டும். பின்னால் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர். அன்று அவர் பாப்பென்பெர்கர் பண்ணைக்கு வண்டி நிறையக் கட்டுத்துணிகளோடு வந்து சேர்ந்தபோது, டாக்டர்கள் மக்காச்சோளத் தோகையை வைத்துக் காயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காயப்பட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கையில் ஒரு குண்டு அவருடைய சட்டைக் கையைத் துளைத்துப் போய் அந்த மனிதரைக் கொன்றது. இரவானதும் தலைமை டாக்டர் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்ட்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆயிரம் பேர் வெளியே கிடக்கிறார்கள். விடியும்வரை கவனிக்காவிட்டால் பாதிப் பேர் தேறமாட்டார்கள். டாக்டரிடம் மிச்சமிருந்ததோ இரண்டு அங்குல மெழுகுவத்தி. பார்ட்டன் தன் வண்டியில் லாந்தர் விளக்குகளும் கொண்டுவந்திருந்தார். அவர் அரசு ஊழியராக அங்கே வரவில்லை, யாரும் அவரை அனுப்பவும் இல்லை. தானாக வந்தவர்.

ஒரு மெழுகுவத்தித் துண்டுக்குத் தவித்த அதே வயல்களில் இன்று ஒரு ராத்திரிக்கு 23,000 மெழுகுவத்திகள் எரிகின்றன. இதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு ஆண்டும் தொண்டை அடைக்கிறது.

எங்கள் குடும்பங்களில் சிலர் குழந்தைகளிடம், "பெரிய கார்த்திகை பார்க்கப் போறோம்" என்று சொல்லி அழைத்துவருவார்கள். பெரும்பாலும் கார்த்திகை தீபத்தை ஒட்டித்தான் இந்தச் சனிக்கிழமையும் வரும், அகல் வரிசையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கார்த்திகை நம் வீட்டு மங்கலம். இது பண்டிகை இல்லை. அதனால் பை கொடுக்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்து ஐந்து நிமிடம் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முன்பெல்லாம் எங்களுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. மணல் எங்கே, கழிப்பறை எங்கே என்பதோடு சரி.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் சொல்வது இதுதான். இந்த விளக்குகளில் வடக்கு தெற்கு வித்தியாசம் இல்லை, அது சரி. உயிர் என்று வந்தபிறகு அதில் தரம் பிரிக்கக் கூடாது. ஊருக்குள் இருக்கும் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அப்படி இல்லை. அங்கே உள்நாட்டுப் போரில் இறந்த 4,776 வடபடையினர் கிடக்கிறார்கள், அதில் 1,836 பேருக்குப் பெயர் தெரியாது. தென்படையினருக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை; ஹேகர்ஸ்டவுன், ஃப்ரெடெரிக், ஷெப்பர்ட்ஸ்டவுன் ஊர்களில் புதைத்தார்கள். விளக்கு அஞ்சலி அந்தக் கசப்பைத் தாண்டிவிட்டது. ஆனால் சண்டை எதற்காக நடந்தது என்பதை விளக்கின் அழகு மறைத்துவிடக் கூடாது. அடிமை முறைக்காக ஒரு தரப்பு நாட்டையே உடைக்கத் துணிந்தது. இந்தச் சண்டையில் லீ பின்வாங்கியதை வைத்துத்தான் ஐந்தே நாளில், செப்டம்பர் 22 அன்று, அதிபர் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார்.

இதோடு நிறுத்திவிட முடியாது. அந்தப் பிரகடனம் இந்த மண்ணுக்கே பொருந்தவில்லை. கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்குத்தான் அது. மேரிலாந்து வடக்கோடு நின்ற மாநிலம், ஆனால் அடிமை முறை இருந்த மாநிலம். ரத்தம் சிந்திய வயல்களைச் சுற்றியிருந்த பண்ணைகளில் அடிமைகள் இருந்தார்கள். போர்க்களத்திலுள்ள பர்ன்சைட் பாலத்துக்கு அருகே ஓட்டோ பண்ணையில் ஹிலரி வாட்சன் என்ற இளைஞர் அடிமையாக இருந்தார். தூரத்து மாநிலங்களின் அடிமைகளுக்கு இந்த வயலில் பிறந்த பிரகடனம் 1863 ஜனவரி 1 முதல் விடுதலை அறிவித்தது. இந்த வயலில் உழுதவர்களுக்கு மேரிலாந்தின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1864 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 1866-இல் ஷார்ப்ஸ்பர்க்கின் கறுப்பின மக்கள் ஒரு பின்தெருவில் டால்சன் சிற்றாலயத்தைக் கட்டினார்கள். விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு அதற்குள்ளேயே பள்ளி நடந்தது. மரத்தாலான மிகச் சின்னக் கட்டடம். 2021-இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். எங்கள் குழுவை வேலை தொடங்கும் முன் அங்கே நிறுத்திவிட்டுத்தான் களத்துக்கு அழைத்துப்போகிறேன். நான் முதலில் வந்த காலத்தில் விளக்கு வைக்க வந்தவர்களில் அதைப் பற்றிப் பேசியவர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. இப்போது குழந்தைகள் வழி கேட்காமலே அங்கே போகிறார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் மாறியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி ஞாயிறு.

சனி இரவு கார்கள் போய்விட்ட பிறகு வயலில் 23,000 தாள்பைகள் நிற்கின்றன. சிலவற்றைக் காற்று சாய்த்திருக்கும். பனியில் நனைந்து தாள் புல்லோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் அடி கிழிந்து மணல் மட்டும் தங்கிவிடும். உருகி உறைந்த மெழுகை விரலால் நோண்ட வேண்டும். போட்டோ எடுக்க அங்கே ஒன்றுமில்லை. சனிக்கிழமைக்கு இடம் கேட்டுச் சிபாரிசு பிடித்தவர்கள் ஞாயிறு காலையில் "அக்கா, குழந்தைக்கு லேசா ஜலதோஷம்" என்று செய்தி அனுப்புகிறார்கள். ஆசிரியையின் காலத்தில் சனிக்கு வந்த அந்த நான்கு பேரே ஞாயிறுக்கும் வந்தார்கள். இன்று சனிக்கு வரும் பட்டியல் பல மடங்காகிவிட்டது, ஞாயிறுக்கு வரும் பட்டியல் அப்படியே இருக்கிறது. இது என்னை வருத்துகிறது. எரிவதைப் பார்க்க வருகிறவர்களும் எரிந்ததை எடுக்க வருகிறவர்களும் வேறு வேறு ஆட்களாகப் பிரிந்துபோவது இந்த மண்ணுக்கு நல்லதில்லை. 1862-இல் படைகள் செய்ததும் அதுதான்: வந்தார்கள், எரித்தார்கள், போனார்கள்.

விளக்கு இல்லாத பருவத்திலும் வேலை உண்டு. போர்க்களங்களைக் காக்கும் அமெரிக்க அறக்கட்டளை ஒன்று 1996 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் நாடெங்கும் ஒரு சனிக்கிழமையைப் பூங்கா நாள் என்று நடத்துகிறது. படைகள் விறகாக எரித்த வேலிகள் இன்று திரும்ப நிற்கின்றன என்றால், அதில் தன்னார்வலர் கை நிறைய இருக்கிறது. கட்டைகளை ஆணி இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வளைத்து வளைத்து அடுக்கும் பாம்பு வேலி. ஒரு கட்டையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வெஸ்ட் உட்ஸ், நார்த் உட்ஸ் தோப்புகளில் அழிந்துபோன மரங்களுக்குப் பதிலாகக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். களையெடுக்கையில் பிள்ளைகள் கையில் சில சமயம் பழைய ஈயக் குண்டு அகப்படும். எடுத்துப் பையில் போடக் கூடாது, அது சட்டப்படி குற்றம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பூங்கா ரேஞ்சரைக் கூப்பிட வேண்டும். அந்தக் குண்டைப் பார்த்த பிள்ளை அப்புறம் அந்த வயலில் ஓடி விளையாடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

ரேஞ்சர் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூங்காத் தன்னார்வலர் திட்டத்துக்கு 1970-இல் சட்டம் போட்டார்கள். சம்பள ஊழியரின் இடத்தில் தன்னார்வலரை வைக்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறையில் நாடு முழுக்க ஏறக்குறைய ஆயிரம் ஊழியர்களை ஒரே மூச்சில் வேலையை விட்டு அனுப்பினார்கள். நீதிமன்றத் தலையீட்டால் பலர் திரும்ப வந்தாலும், போன நம்பிக்கை வரவில்லை. "அதான் நீங்க எல்லாம் இருக்கீங்களே" என்று சிலர் என்னைப் பாராட்டுவதாக நினைத்துச் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். நாங்கள் பை வைப்போம், வேலி அடுக்குவோம். எந்த வயலில் என்ன புதைந்திருக்கிறது, எந்த மரம் அன்றைய சாட்சி, எங்கே மண்வெட்டி படக் கூடாது என்று தெரிந்தவர்கள் அவர்கள். பர்ன்சைட் பாலத்தருகே நிற்கும் சிக்கமோர் மரம் 1862-இல் எடுத்த புகைப்படத்திலேயே கன்றாக நிற்கிறது. அதைக் காப்பாற்றுவது சனிக்கிழமை ஆட்களால் ஆகிற காரியம் அல்ல.

இந்த வட்டாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் முதல் சனிக்கிழமை இடம் கிடைக்கவில்லை என்று வருந்தாதீர்கள். அன்று இரவு காரில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். மறுநாள் காலை திரும்பி வாருங்கள். பழைய காலணி, தடித்த கையுறை, ஆளுக்கு ஒரு வாளி போதும். ஏழு வயதுக் குழந்தை செய்யக்கூடிய வேலை, எழுபது வயதுத் தாத்தா செய்யக்கூடிய வேலை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் அழைத்து வாருங்கள், நிற்க முடியாதவர்களுக்குப் பை மடிக்கும் மேசை இருக்கிறது. எங்கள் படிவத்தில் சனி என்ற கட்டத்துக்குக் கீழே ஞாயிறு என்று இன்னொரு கட்டமும் உண்டு. இந்த ஆண்டு அதில் குறியிடுங்கள்.